தராசின் மறுதட்டு

மனிதனொருவன் நாளை வன்செயல் புரிவானா என்னும் வினா, நீதிமன்றுகளையும் மருத்துவமனைகளையும் நெடுங்காலமாக அலைக்கழித்து வந்துள்ளது. முன்னாளில் அதற்கு விடை கூறியோர் பெரும்பாலும் அவனுடைய குற்றங்களையும் குறைகளையுமே எண்ணினர். அவனைத் தீங்கினின்றும் தடுத்து நிறுத்தக்கூடியவை யாவை எனக் கேட்டோர் அரியர். இவ்வொருபக்க எண்ணிக்கை எத்துணைப் பிழைபடக்கூடும் என்பதை அமெரிக்க வழக்கொன்று புலப்படுத்தியது.

நியூயோர்க் மாநிலத்திலே, தண்டனைக் காலம் முடிந்த பின்னரும், ஆபத்தானவர் எனக் கருதப்பட்ட உளநோயாளர் பலர் சிறைத் திணைக்களத்தின் காவல் மருத்துவமனைகளில் அடைபட்டுக் கிடந்தனர். 1966 ஆம் ஆண்டில், பக்ஸ்ட்ரம் என்பாரது வழக்கில், அது சட்டத்தின் சம பாதுகாப்புக்கு மாறானது என அந்நாட்டு உயர் நீதிமன்று தீர்ப்பளித்தது. அதன் பயனாக 967 பேர் பொது உளநோய் மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். அங்குள்ள ஊழியர் அஞ்சினர். ஆனால், அஞ்சியது நிகழவில்லை. அடுத்த நான்கு ஆண்டுகளில் காவல் மருத்துவமனைக்கு மீண்டும் அனுப்பப்பட்டவர் நூற்றுக்கு மூவரினும் குறைவானவரே. கணிப்பின் பிழைக்கு விலையாகப் பலர் தம் வாழ்நாளின் ஆண்டுகளைக் கொடுத்திருந்தனர்.

மறுபுறத்தே, ஹவாயைச் சேர்ந்த கௌவாய்த் தீவில் 1955 இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வேர்ணர் என்னும் உளவியலறிஞரும் அவர்தம் துணைவரும் பல்லாண்டுகள் தொடர்ந்து நோக்கினர். வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் நோய் முதலிய இடர்கள் பல சூழ வளர்ந்த பிள்ளைகளுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் செம்மையான மனிதராயினர். அன்பு மாறாத மூத்தவர் ஒருவரின் துணையும், பிறரோடு இணங்கும் இயல்பும், வாழ்வில் நம்பிக்கையும் அவர்களைக் காத்தன. இடர் உண்டென்பதனால் கேடு உறுதியன்று என்பது தெளிவாயிற்று.

எனினும், இவ்வுண்மை வன்செயற் கணிப்பிலே இடம்பெறக் காலம் சென்றது. கனடாவில் 1995 இல் வெளிவந்த எச்.சி.ஆர்.-20 என்னும் முறை இருபது இடர்க் காரணிகளைக் கொண்டது. அவற்றுட் பத்து இறந்தகாலத்தைச் சார்ந்தவை. நடந்தது மாறாதாகலின், அப்பத்தினாலும் திருந்திய ஒருவனுக்குப் பயன் சிறிதே. 2007 இல் ஒல்லாந்து அறிஞர் வெளியிட்ட சாப்ரோஃப் என்னும் முறையோ, பதினேழு காப்புக் காரணிகளை நிரைப்படுத்தியது. தன்னடக்கம், பிறர் துயர் உணர்தல், தொழில், ஓய்வுநேர ஈடுபாடு, சிகிச்சையில் நாட்டம், உற்றார் துணை, தக்க உறைவிடம் என்பன அவற்றுட் சில. இவற்றுட் பல வளர்க்கக்கூடியவை என்பதே இம்முறையின் சிறப்பாகும்.

காப்பைக் காண்பது இடரை மறப்பதாகாது. மறந்தால், தீங்குறுவோர் அப்பாவி மக்களே. இரு தட்டுகளையும் நிறுத்தபின் கூறுவதே நீதி. அவ்வாறு நிறுக்குமிடத்து, "இவன் எத்தகையவன்?" என்ற பழைய வினாவோடு, "இவன் தீங்கின்றி வாழ யாது வேண்டும்?" என்ற புதிய வினாவும் எழுகின்றது. முன்னதற்கு விடை கூறுவோர் அறிஞர். பின்னதற்கு விடை கூறவேண்டியது சமுதாயம் முழுவதுமாம்.