பள்ளி நீங்கிய பாலர் வகுப்பறைக்குத் திரும்பிய வரலாறு

ஆரம்பக் கல்வியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பள்ளிகள் எத்தனை திறக்கப்பட்டன, அவற்றில் எத்தனை பேர் சேர்ந்தனர் என்பவற்றையே பெரும்பாலும் கணக்கிட்டு வந்தனர். சேர்ந்த சில மாதங்களிலேயே வயலுக்கும் தறிமேடைக்கும் திரும்பிவிட்ட பாலர்களைப் பற்றிய விசாரணை வெகுகாலம் கழித்தே தொடங்கிற்று. 1922-23ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் இருந்த 100 பேரில் 1925-26ஆம் ஆண்டில் நான்காம் வகுப்பில் காணப்பட்டவர் 18 பேரே என்று பிரிட்டிஷ் இந்தியாவின் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்ட்டாக் குழு 1929இல் எடுத்துக் காட்டியது. ஏனையோரில் சிலர் கீழ் வகுப்புகளில் தேங்கினர். பலர் பள்ளியையே துறந்தனர். ஆயினும் அக்குழு கண்ட பரிகாரம் புதிய பள்ளிகளைப் பெருக்குவதை நிறுத்தி, இருப்பவற்றின் தரத்தை உயர்த்துவதேயாகும். விலகிப் போன பிள்ளையைத் தேடிச் சென்று அழைத்து வருவது சர்க்காரின் கடமை என்ற எண்ணம் அந்நாளில் எவர்க்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

சென்னை ராஜதானியில் இப்பிரச்சினையை முதலில் வயிற்றின் வழியாக அணுகினர். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் தொடங்கிய சிற்றுண்டியும், 1956இல் காமராசர் ஆட்சியில் ஊரார் உதவியுடன் பரவிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளியில் நிலைக்கச் செய்தன என்பதில் ஐயமில்லை. எனினும், உணவு பள்ளிக்கு வந்த பிள்ளையைத்தான் தக்கவைக்கும். இரண்டாம் வகுப்போடு நின்று, பத்து வயதில் தீப்பெட்டி ஒட்டிக் கொண்டிருக்கும் சிறுமி மறுபடி பள்ளிக்கு வந்தால், ஏழு வயதுப் பிள்ளைகளின் நடுவே உட்கார வேண்டியிருக்குமே என்ற அவளுடைய கூச்சத்தை எந்த உணவும் போக்காது.

அத்தகையோர்க்கென்று நம் தேசம் நெடுங்காலம் அளித்து வந்தது குறுகிய நேரக் கல்வியே. 1953இல் ராஜாஜி கொணர்ந்த திட்டம் கிராமப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை நாளுக்கு 3 மணியாகச் சுருக்கி, எஞ்சிய பொழுதைப் பெற்றோரின் தொழிலுக்கு விட்டது. குலக்கல்வி என்ற கண்டனம் எழுந்து, 1954இல் அது கைவிடப்பட்டது. அதன் நோக்கத்தைப் பற்றி இன்றும் அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்குக் கொஞ்சம் படிப்புப் போதும் என்னும் மனப்பான்மை அத்திட்டத்தோடு மறையவில்லை என்பதே நான் வற்புறுத்த விரும்புவது. 1979-80இல் மத்திய சர்க்கார் தொடங்கிய முறைசாராக் கல்வி, வேலை முடித்து வரும் பிள்ளைக்கு மாலையில் ஓரிரு மணி நேரப் பாடம் தருவதாகவே பெரும்பாலும் அமைந்தது. சிவகாசியின் அபாயத் தொழில்களை முன்னிட்டு எழுந்த எம்.சி.மேத்தா வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று துணிந்து கூறியது. ஆயினும் அபாயமற்ற தொழில்களில், வேலை நேரம் 6 மணிக்கு மேற்படாமலும் நாளுக்கு 2 மணியேனும் கல்வி கிடைத்தும் இருந்தால் போதும் என்று அதே தீர்ப்பு அமைதி கொண்டது. அத்துணைக் கருணையுள்ள தீர்ப்புங்கூட அந்த எல்லையைத் தாண்டவில்லை.

எல்லையைத் தாண்டியவர்கள் அன்றைய ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் இருந்தனர். ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் அரசியல் போதித்த சாந்தா சின்ஹாவும் அவருடைய எம்.வி. பவுண்டேஷன் என்னும் தொண்டு நிறுவனமும் 1991 முதல் அங்கே ஒரே விதியை முன்வைத்தனர்: பகல்நேர முறைசார் பள்ளியில் இல்லாத ஒவ்வொரு குழந்தையும் குழந்தைத் தொழிலாளியே, அதற்கு ஏற்ற இடம் முழுநேரப் பள்ளியேயன்றி வேறில்லை. வறுமையால் பெற்றோர் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள் என்று படித்தவர்கள் சொல்லி வந்ததை அவர்கள் ஏற்கவில்லை. வழி தெரியாமையும், பள்ளியின் அலட்சியமும், ஊராரின் பழக்கமுமே பெருந்தடைகள் என்று கண்டு, வீடு வீடாகப் பேசினர், பிள்ளைகளை வேலைக்கு வைத்திருந்தவர்களிடமே சென்று வாதாடினர். விடுவிக்கப்பட்டோர் உறைவிட முகாம்களில் தங்கி, இழந்த ஆண்டுகளின் பாடங்களைச் சில மாதங்களில் கற்று, தம் வயதுக்குரிய வகுப்பில் நேரே சேர்ந்தனர். இம்முயற்சியில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே தமக்கென ஒரு சங்கம் கண்டு துணை நின்றதை நான் விசேஷமாகக் கருதுகிறேன். ஏனெனில் முகாமிலிருந்து வரும் பிள்ளையை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்பது கடைசியில் ஒரு தலைமையாசிரியரின் மேசையில்தான் தீர்மானமாகிறது. சாந்தா சின்ஹாவுக்கு 2003இல் மகசேசே விருது கிடைத்தது.

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் நான்காம் பிரிவு அந்த அனுபவத்தைத் தேசத்தின் விதியாக்கிற்று. 6 வயதுக்கு மேற்பட்டும் பள்ளியில் சேராத, அல்லது படிப்பை இடையில் விட்ட குழந்தை, வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கப்பட வேண்டும். பின்தங்கிய பாடங்களுக்கு விசேஷப் பயிற்சி பெற வேண்டும். 14 வயது கடந்தாலும் எட்டாம் வகுப்பு முடியும் வரை அவ்வுரிமை நீடிக்கும். மத்திய மாதிரி விதிகள் பயிற்சிக் காலத்தை 3 மாதத்திலிருந்து 2 ஆண்டு வரை வகுத்ததோடு, வகுப்பில் சேர்ந்த பின்னரும் ஆசிரியர் அப்பிள்ளையைத் தனிக்கவனத்தோடு நடத்த வேண்டும் என்றும் கூறுகின்றன. வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1988இல் சிவகாசி முதலிய இடங்களில் எழுந்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டச் சிறப்புப் பள்ளிகளும் 2021இல் பொதுக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டன.

சட்டம் இன்னும் எளிதில் எட்டாத பிள்ளைகள், பெற்றோரோடு இடம்பெயர்வோரே. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து திருவள்ளூர், செங்கற்பட்டுப் பகுதிச் செங்கல் சூளைகளுக்கு வரும் குடும்பங்கள், மழை ஓய்ந்தபின் வந்து அடுத்த மழைக்கு முன் திரும்புகின்றன. பிள்ளையின் கல்வியாண்டு இரு மாநிலங்களுக்கும் இரு மொழிகளுக்கும் இடையே துண்டாகிறது. மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே வழங்க வேண்டும், அது தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கலாகாது என்று அச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்லியிருப்பினும், சூளை வாயிலுக்கு ஒடியா அறிந்த ஆசிரியர் ஒருவர் வருவதும், அங்கே அவர் நடத்திய பாடத்தை ஊர்ப்பள்ளி ஒப்புக்கொள்வதும் இரு மாநிலக் கல்வி இலாகாக்களும் கூடிச் செய்ய வேண்டிய காரியங்களாகும்.