அரண்மனையில் பிறந்த வால்வு

வெளி மாநிலங்களில் வாழும் நாம் திருவனந்தபுரம் என்றதும் பத்மநாபசுவாமி கோயிலையே நினைக்கிறோம். அந்நகரின் பூஜப்புரையில் சாட்டல்மண்ட் அரண்மனை என்றொரு மாளிகை உண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் கொடையாக அளித்த அம்மாளிகையிலேதான் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகத்தின் கருவியியல் ஆய்வுக்கூடங்கள் அமைந்தன. 1980-ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று அக்கழகத்திற்குப் பட்டம் வழங்கும் உரிமையை அளித்தது.

இளமையில் வரும் மூட்டுவாதக் காய்ச்சல் நம் நாட்டு ஏழைச் சிறுவர் பலரின் இதய வால்வுகளைப் பழுதாக்கிவிடுகிறது. மாற்று வால்வோ அந்நாளில் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதன் விலை கூலித் தொழிலாளிக்கு எட்டாதது. அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் அதனை இங்கேயே செய்ய முனைந்தார். மருத்துவர் மட்டும் முடிக்கும் காரியமன்று இது. இரத்தம் எளிதில் உறையாத பொருளைத் தேட வேதியியல் வேண்டும்; தட்டின் சாய்வை வகுக்கப் பொறியியல் வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை திறந்து மூடும் கதவல்லவா அது! முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. செயற்கை நீலக்கல்லால் தட்டுச் செய்து பார்த்து, அதனையும் கைவிட்டனர். நான்காவது மாதிரியில் கோபால்ட் உலோகக் கலவைக் கூட்டினுள் பாலிஎதிலீன் தட்டு அமைந்தது. நீலக்கல் தோற்ற இடத்தில் பிளாஸ்டிக் வென்றது விந்தையே. செம்மறியாடுகளில் சோதித்த பின்னர், 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது.

ஒன்றைச் செய்வது வேறு. ஆயிரக்கணக்கில் செய்து விற்பது வேறு. நல்ல ஆய்வுகள் பல இவ்விடத்திலேயே மடிந்துபோவதை நாம் அறிவோம். இங்கோ சென்னையின் டி.டி.கே. நிறுவனம் அப்பொறுப்பை ஏற்றது. அயல்நாட்டு வால்வினும் குறைந்த விலையில் கிடைத்த 'சித்ரா' வால்வு, இதுவரை இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது.