கொட்டையின் ஓடு

1848இல் ஆப்பிரிக்கச் செம்பனையின் நான்கே கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் வாரிசுகள் சுமத்ராவின் டெலிக்குப் போய், அங்கிருந்து கோலசிலாங்கூர் வந்தன. பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே முதலில் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் அழகுக்காக நட்டார். பிறகு 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தோற்றுப்போன காபிக்குப் பதிலாக, வியாபாரத்துக்கென்றே நட்டார். தோட்டத்தின் பெயர் தென்னமரம். அதில் காய்த்ததோ செம்பனை!

அந்த மரங்களெல்லாம் டூரா: தடித்த ஓடு, மெல்லிய சதை. 1941இல் காங்கோவில் பெயர்னார்ட்டும் வாண்டர்வேயனும் ஓட்டின் மர்மத்தை அவிழ்த்தார்கள். டூராவையும் ஓடே இல்லாத பிசிஃபெராவையும் கலந்தால் பிள்ளைகள் அத்தனையும் மெல்லோட்டுத் தெனேரா, எண்ணெயும் கூடுதல். ஆனால் தெனேரா மரத்தடியில் பொறுக்கிய கொட்டையை முளைக்கவைத்தால் பாதிதான் தெனேரா. கால்பங்கு டூரா, மீதிக் கால் பெரும்பாலும் காய்க்காத பிசிஃபெரா. நாற்றங்காலில் கன்றின் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. பழம் வர மூன்று வருஷம் ஆகும்.

மலிவாகக் கிடைத்த கன்றுகளை நட்டுவிட்ட ஒருவருக்குச் சந்தேகம் சரிபாதி என்று வையுங்கள்: அசல் கலப்பா, மரத்தடிக் கொட்டையா? அசலிலும் அந்நிய மகரந்தம் புகுந்து இருபதில் ஒன்று டூராவாகலாம். சீட்டுக் குலுக்கி எடுத்த ஒரு மரத்தின் பழத்தைக் குறுக்கே அறுக்கிறார். மெல்லிய ஓடு, சுற்றிலும் நார்ப்புள்ளி வளையம்: தெனேரா. அசலானால் இது நூற்றில் 95 தடவை வரும், மற்றதில் 50. ஆகவே அசல் பக்கத்தை 1.9ஆல் பெருக்க வேண்டும். இறந்த பிறகு 1763இல் அச்சேறிய கட்டுரையில் தாமஸ் பேய்ஸ் வித்திட்ட வழி இதுதான். ஐந்து மரத்திலும் தெனேரா வந்தால் அசல் பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து. ஆறாவது டூராவா? அசலில் 5, மற்றதில் 25; ஐந்தால் வகுத்தால் ஒன்றுக்கு ஐந்து. நம்பிக்கை சரிகிறது, செத்துவிடவில்லை.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரே குலையில் பத்துப் பழம் அறுத்துப் பத்துச் சாட்சி கிடைத்ததாக நினைக்கிறார்கள். ஓடு தாய்மரத்தின் சொத்து. எந்த மகரந்தம் விழுந்தாலும் ஒரு மரத்தின் பழங்களெல்லாம் ஒரே ஓடுதான். ஆயிரம் பழம் அறுத்தாலும் கணக்கில் அது ஒரு மரம்.

ஓட்டை ஆளும் மரபணு 2013இல் பிடிபட்ட பின், நாற்றங்கால் கன்றின் இலைத்துண்டே சோதனைக்குப் போதும். மூன்று வருஷம் காத்திருக்க வேண்டாம். ஆனாலும் எந்தக் கன்றின் இலையைக் கிள்ளுவது என்பதற்குச் சீட்டுக் குலுக்கித்தான் பார்க்க வேண்டும். வேலியோரத்துக் கன்றுகள் மட்டும் போதாது.