காற்று போக வழி விடுங்கோ

வெள்ளவத்தையில இருந்து யூனிட்டி பிளாசாவுக்குக் கேசிங் வாங்கப் போனா, எங்கட கண் முதல்ல போறது கண்ணாடிக்கும் கலர் லைட்டுக்கும்தான். ஆனால் இந்தப் பெட்டியின் வரலாறே சூட்டோடு நடந்த சண்டை.

1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அமைப்பைக் கொண்டுவந்தபோது, பவர் சப்ளையின் ஃபேன் வெளிக்காற்றை இழுத்து புரொசசர் மேல் ஊதும் என்று திட்டமிட்டார்கள். போய்ச் சேர்ந்ததோ சூடான காற்று. பிறகு அதே ஃபேன் காற்றை வெளியே தள்ளத் தொடங்கியது. பென்டியம் 4 கொதித்த காலத்தில், 2004இல், காற்றோட்டத்துக்கென்றே பீடிஎக்ஸ் வந்தது. சூடு குறைந்த புரொசசர்கள் வந்ததும் 2006இல் இன்டெல் அதைக் கைவிட்டது. ஏடிஎக்ஸ் இன்றும் நிற்கிறது.

அதனால் நல்ல கேசிங் ஒன்று வாங்கினா, அடுத்த போர்டுக்கும் அதுவே போதும். எங்கட 30 பாகை அறையில் எந்த ஃபேனும் அறையைவிடக் குளிராக்காது. முன்னுக்கு வலை, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி, காற்றை உள்ளே இழுக்க இரண்டு ஃபேன், பின்னுக்கு வெளியே தள்ள ஒன்று. இவ்வளவையும் பாருங்கோ, லைட் பிறகு.