கைக்கடிகாரம் கூறும் சான்று

கல்லில் வெட்டிய எழுத்தும் ஓலையில் தீட்டிய எழுத்துமே வரலாற்றுச் சான்றுகள் என எண்ணுவாருளர். மணிக்கட்டில் ஓடிய சிறு கருவியும் தன் காலத்தைக் கூறவல்லது. அதனைக் கேட்டறியும் பயிற்சியே பழைய கைக்கடிகாரங்களைச் சேர்ப்போர்க்கு வேண்டும் முதற்கல்வியாகும்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு தன் படையினர்க்கென ஒரு கைக்கடிகாரத்தை வரையறுத்தது. கரிய முகப்பு, இருளில் ஒளிரும் முட்கள், நீர் புகாத உறை, நொடியைத் தனியே காட்டும் சிறு வட்டம் ஆகியவை அதன் இலக்கணமாக அமைந்தன. சுவிட்சர்லாந்தில் உருவாகிய இக்கடிகாரங்கள் ஒமேகா, லான்ஜின்ஸ், சைமா முதலிய 12 பெயர்களில் 1945ஆம் ஆண்டில் படைக்கு வந்து சேர்ந்தன. அரசின் உடைமை என்பதற்கு அடையாளமாக அம்புக்குறி இடப்பெற்றது. பின்மூடியில் 'டபிள்யூ' என்னும் ஆங்கில எழுத்து மும்முறை பொறிக்கப்பெற்று, படை எண்ணும் உடனிருந்தது.

இவற்றை இனங்காணப் புகுவோர் மூன்று இடங்களை நோக்குவர். பின்மூடியின் குறிகள், உள்ளிருக்கும் பொறி, முகப்பு என்பன அவை. மூன்றும் ஒத்துரைப்பின் ஐயத்திற்கு இடமில்லை. ஆயின், மூடியும் பொறியும் 1945 எனக் கூற, முகப்பு மட்டும் பிற்காலத்ததாக இருக்கும் கடிகாரங்கள் பல உள. அத்தகைய முகப்பில் ஒரு வட்டத்துள் 'டி' என்னும் ஆங்கில எழுத்துக் காணப்படும். இது போலியோ?

அன்று. முதல் முகப்பிற்கு ஒளி தந்தது ரேடியம் கலந்த பூச்சு. அதன் கொடுமையை உலகம் முன்னரே கண்டிருந்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில், கடிகார முகப்புகளுக்குப் பூச்சுத் தீட்டிய இளம்பெண்கள், தூரிகையின் நுனியைக் கூராக்க அதனை உதட்டில் வைத்தனர். தாடையெலும்பு அழிந்து பலர் மாண்டனர். அவர்களுள் ஐவர் தொடுத்த வழக்கு 1928இல் இணக்கத்தில் முடிந்தது. ஆயினும் ரேடியத்தின் பயன்பாடு உடனே ஒழிந்திலது. பிற்காலத்திலேயே பிரிட்டிஷ் படைத்துறை, தன்னிடமிருந்த கடிகாரங்கள் பலவற்றின் முகப்பை அகற்றி, தீங்கு குறைந்த டிரிட்டியம் பூசிய முகப்பைப் பொருத்திற்று. வட்டத்துள் நிற்பது அந்த டிரிட்டியத்தின் முதலெழுத்தே.

டிரிட்டியம் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். ரேடியம் பாதியாக ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். ஆதலின், பழைய ரேடிய முகப்பில் ஒளி அணைந்திருப்பினும் கதிர்வீச்சு அணையவில்லை. அதனைத் திறந்து சுரண்டுதல் இன்றும் தீங்கானதே.

எனவே, மாற்றப்பெற்ற முகப்பு அக்கடிகாரத்தின் குற்றமன்று. அதன் வாழ்க்கையில் ஓர் அதிகாரம். அதனைக் கழற்றி எறிந்து, பழமை தோன்றப் புதுப்பூச்சுப் பூசி விற்போரே பொய்யை உண்டாக்குகின்றனர். பளபளப்பை நாடி உறையைத் தேய்த்து அம்புக்குறியை மழுக்குவோரும் சான்றையே அழிப்பவராவர். பழம்பொருளில் மாற்றத்தைக் கண்டவுடன் அதனை இகழ்ந்து ஒதுக்காது, அம்மாற்றம் யாரால், எதன் பொருட்டு நிகழ்ந்தது என வினவுதல் வேண்டும். அவ்வினாவிலிருந்தே வரலாற்றுக் கல்வி தொடங்குகின்றது.