மீட்டமைத்த பழைய கார்: நியாய விலையைக் கணித்தல்

துருவேறி ஓட்டமில்லாமல் கிடந்த ஒரு பழைய காரைப் பிரித்துப் போட்டு, டிங்கரிங், இன்ஜின் வேலை, ஒயரிங், பெயிண்ட், சீட் தையல் எல்லாம் முடித்து, ஷோரூமை விட்டுக் கிளம்பிய நாளின் நிலைக்குக் கொண்டுவருவது மீட்டமைப்பு. பேச்சு வழக்கில் ‘ரெஸ்டோர் பண்ணிய வண்டி’ என்பார்கள். இப்படிப்பட்ட காருக்குப் பட்டியல் விலை கிடையாது. ஐந்து வருஷம் ஓடிய காருக்கு மாடலும் கிலோமீட்டரும் தெரிந்தால் ஏறக்குறைய விலை சொல்லிவிடலாம். ஐம்பது வருஷக் காரில் மீட்டர் காட்டும் எண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை. கேட்கும் தொகையில் பெரும்பங்கு பெயிண்டுக்கு அடியிலும் சேஸிஸிலும் சிலிண்டருக்குள்ளும் நடந்ததாகச் சொல்லப்படும் வேலைக்கானது. அந்த வேலை நடந்ததா, எந்தத் தரத்தில் நடந்தது, அதற்கு என்ன அத்தாட்சி என்று தேடுவதிலேயே விலைக் கணிப்பின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

பெயர்களின் குழப்பம்

‘வின்டேஜ்’ என்ற சொல்லை விளம்பரங்கள் தாராளமாக வாரி இறைக்கின்றன. பிரிட்டனின் வின்டேஜ் கார் கிளப் வழக்கில் அது 1919 முதல் 1930 வரை செய்த கார்களைக் குறிக்கும். லண்டன்–பிரைட்டன் ஓட்டத்தில் கலந்துகொள்ளும் ‘வெட்டரன்’ கார்கள் 1905க்கு முந்தியவை. அமெரிக்காவின் பெரிய பழங்கார் சங்கத்துக்கு 25 வருஷம் ஆனாலே போதும், ‘ஆன்டிக்’ ஆகிவிடும். இந்திய மோட்டார் வாகன விதிகளில் 2021ல் வந்த திருத்தம் 50 வயது தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்கிறது. ஆக, 1970ஆம் வருஷத்து ஃபியட் சட்டப்படி வின்டேஜ், பிரிட்டிஷ் கிளப் கணக்கில் இல்லை. அந்தச் சொல்லுக்கென்று தனியாக ஒரு ரூபாயும் கூட்டித் தர வேண்டியதில்லை.

செலவும் விலையும்

“இந்த வண்டிக்கு நான் இவ்வளவு செலவு பண்ணியிருக்கேன்” என்பது விற்பவரின் முதல் வாதம். பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் சந்தை அந்தச் செலவைத் திருப்பித் தரக் கடமைப்பட்டதல்ல. டிங்கர் வேலைக்காரரின் ஒரு நாள் கூலி, வேலை எந்தக் காரில் நடந்தாலும் அதே கூலிதான். அம்பாசடர், பத்மினி போன்று ஏராளமாக ஓடிய கார்களில் மீட்டமைப்புச் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடுவது சாதாரணம். அதனால்தான் அனுபவசாலிகள், பாதியில் நிற்கும் வண்டியை மலிவாக வாங்குவதைவிட இன்னொருவர் ஆசையோடு முடித்து வைத்த வண்டியை வாங்கு என்பார்கள். முதல் உரிமையாளர் ஆசைக்குச் செய்த செலவில் ஒரு பகுதி அடுத்தவருக்கு லாபம்.

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். முதலில் அதே மாடலில் நன்றாக முடித்த வண்டி என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று தெரிந்துகொண்டு, கையிலிருக்கும் வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் தொகையைக் கழிக்க வேண்டும். பேச்சுக்கு, முடித்த வண்டி 10 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கப் போன வண்டியில் குரோம், சீட், பிரேக் மூன்றும் பாக்கி, அவற்றுக்கு 2.5 லட்சம் பிடிக்கும். மிச்சம் ஏழரை லட்சம். அதையும் அப்படியே கொடுக்க முடியாது. பிரித்தபின் இன்னொரு வேலை தலைகாட்டும், சாமான் தேடி அலைய வேண்டும், வண்டி மாதக்கணக்கில் பட்டறையில் நிற்கும். ஆறரைக்கு மேல் போகாமலிருப்பது புத்திசாலித்தனம்.

‘கைமாறிய விலை’ என்ற சொல்லில்தான் சிக்கல். வெளிநாட்டு ஏல நிறுவனங்கள் விற்ற தொகையை வெளியிடுகின்றன. அதில் வாங்குபவர் தரும் கமிஷனும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். அமெரிக்காவின் ஹேகர்ட்டி நிறுவனம் நிலையை 1 (போட்டித் தரம்) முதல் 4 (ஓடும், ஆனால் குறைகள் கண்ணில் படும்) வரை பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி விலை தருகிறது. இந்தியாவில் இத்தகைய கார்கள் பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகவே கைமாறுகின்றன. விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை, அதாவது விற்பவரின் ஆசை. உண்மையில் என்ன விலைக்குப் போனது என்பது மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற சங்கங்களின் பேரணிகளில் வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்று பேசும்போது வெளிவரும். இரண்டு மூன்று பேரணிக்குப் போகாமல் முதல் காரை வாங்குகிறவர் விலையை விற்பவரின் வாயிலிருந்தே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு ஹெரால்டை எடுத்துக்கொண்டால்

சென்னையில் பிறந்த கார் என்று சொல்லத்தக்கது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டை வண்டலூர் – பெருங்களத்தூர்ப் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்ட் தொழிற்சாலை 1961 முதல் தயாரித்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. தொடக்கத்தில் 948 சி.சி. இன்ஜின். பிரிட்டனில் முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து தரும் ஆலை டிரையம்ஃப் நிறுவனத்துக்குக் கிடைக்காததால், தனி சேஸிஸ் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டும் பாடியாக அமைத்தார்கள். மீட்டமைப்பவருக்கு அது வரம். வாங்குகிறவரும் அதனால் எதை எங்கே பார்ப்பது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளலாம்.

ஹெரால்டின் முன்பகுதி மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். கவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தால் முன் சேஸிஸ், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் கடை விரித்ததுபோலத் தெரியும். முதலில் முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன். மரையுள்ள நிமிர்ந்த தண்டு ஒன்று பித்தளை நிறத் துண்டுக்குள் திரும்பும் இடம் அது. அதற்கு ஊற்ற வேண்டியது கியர் ஆயில். ஆனால் பார்த்த இடத்திலெல்லாம் கிரீஸ் அடிக்கும் பழக்கத்தில் இங்கேயும் கிரீஸ் துப்பாக்கியை வைத்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் போய்ச் சேராமல் இறுகி, தண்ணீர் தங்கி, உள்ளே அரிக்கும். ஒரு நாள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். “ட்ரனியனுக்கு என்ன ஊற்றுகிறீர்கள்?” என்ற ஒரு கேள்விக்கு விற்பவர் சொல்லும் பதில், வண்டியைக் கவனித்தவர் யார், பெயிண்ட் அடித்து மட்டும் வைத்தவர் யார் என்று காட்டிவிடும்.

இரண்டாவது சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் முன்னால் நின்று கிராங்க் ஷாஃப்டின் புல்லியைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால், கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தைத் தடுக்கும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. அவை நழுவி ஆயில் சம்ப்பில் விழுந்தால் இன்ஜின் பிளாக்கே பாழாகலாம். ‘இன்ஜின் முழுசாகப் பிரித்துச் செய்தது’ என்று சொல்லி விற்கும் வண்டியில் புல்லி இப்படி நகருமானால் விலையிலிருந்து ஒரு இன்ஜின் வேலையைக் கழித்துவிடலாம். விற்பவரின் மற்றச் சொற்களிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகள். துரு முதலில் உட்காரும் இடம் இது. முன் பாதியும் பின் பாதியும் போல்ட்டால் இணைந்தவை என்பதால், கைகள் தொய்ந்த வண்டியில் கதவின் மேல் இடைவெளி ஒரு பக்கம் விரல் நுழையும், மறுபக்கம் காகிதம் நுழையாது. புது பெயிண்டால் அதை மறைக்க முடியாது. சேஸிஸ் முழுக்கக் கறுப்பாகக் கெட்டியாகப் பூசியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். நல்ல வெல்டிங் செய்தவர் அதைக் காட்டத்தான் விரும்புவார்.

பாடிக்கு எளிய கருவி காந்தம். மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவுகள், டிக்கி ஓரம் என்று ஓட்டிப் பார்த்தால் பட்டி கெட்டியாக அடித்த இடத்தில் ஒட்டாமல் நழுவும். பெயிண்ட் கனமானி கிடைத்தால் இன்னும் துல்லியம்: தொழிற்சாலை பெயிண்ட் பொதுவாக 100–150 மைக்ரான், மறுபடி அடித்ததில் இருமடங்கு வந்தாலும் குறை சொல்ல முடியாது, ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் இருப்பது தகரமல்ல, பட்டி.

சாமான் விலையும் வண்டி விலையில் சேர்ந்ததே. இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் துண்டுகளில் பல பிரிட்டனில் டிரையம்ஃப் ஹெரால்டுக்காக இன்றும் விற்பனையில் உள்ளன. ஆனால் நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் பின்கதவு நசுங்கியிருந்தால் லண்டனுக்கு எழுதிப் பயனில்லை. புதுப்பேட்டையிலோ ஏதாவதொரு காயலான் கடையிலோ இன்னொரு வண்டியின் கதவு கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கையால் தட்டிச் செய்ய வேண்டும். ஆகவே ஹெரால்டில் கெட்டுப்போன இன்ஜினைவிடத் தொலைந்துபோன பின்விளக்குக் கண்ணாடியும் கதவு பீடிங்கும் அதிகப் பணத்தைக் கழிக்க வைக்கலாம்.

காகிதமும் எண்களும்

ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் இருப்பவையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். எண் குத்திய இடத்தைச் சுற்றி வார்ப்பின் சொரசொரப்பு இருக்கிறதா, அரைத்து வழவழப்பாக்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. பேப்பர் இல்லாத வண்டியை ‘பேப்பர் பின்னால் பார்த்துக்கலாம்’ என்று விற்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வண்டி, எவ்வளவு பளபளத்தாலும், உதிரிபாகக் குவியலின் விலையைத்தான் பெறும்.

2021 விதிகளின்படி வின்டேஜ் பதிவு பெற, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. டீசல் இன்ஜின் ஏற்றிய பழைய அம்பாசடருக்கு இந்தக் கதவு மூடியதே. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ். என்று தொடங்கும் மெட்ராஸ் மாநிலக் கால எண் வைத்திருக்கும் வண்டிக்கு ஆர்வலர்களிடம் ஈர்ப்பு அதிகம். ஆனால் வின்டேஜ் பதிவு வண்டியை அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கே சாலையில் இறங்கலாம். வாங்குபவரின் உபயோகத்தைப் பொறுத்து அதே பதிவு விலையைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

மீட்டமைப்பின்போது எடுத்த புகைப்படங்களும் பட்டறை பில்களும் இவற்றுக்கு அடுத்தபடி. பாடி கழற்றிய சேஸிஸின் படம், துரு வெட்டிய இடத்தின் படம், போர் பண்ணிய சிலிண்டரின் பில் ஆகியவை பெயிண்டுக்கு அடியில் இருப்பதற்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு கார்களில் இந்தக் கோப்பு உள்ளது கூடுதல் விலைக்குப் போவதில் அநியாயம் ஒன்றுமில்லை.

எவ்வளவு அசல்?

மீட்டமைப்பில் எவ்வளவு மாற்றினால் கார் பழைய காராகவே இருக்கும் என்ற கேள்வி 1990ல் லண்டன் உயர் நீதிமன்றம் வரை போனது. 1929, 1930 இரண்டு வருஷமும் லெ மான் பந்தயத்தை வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் காரை ஒருவர் ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். பந்தயத்தில் ஓடிய துண்டுகளில் பெரும்பாலானவை இப்போது இல்லை, இது அந்தக் கார் அல்ல என்று வாங்க வந்த நிறுவனம் பின்வாங்கியது. 1932ல் புரூக்லண்ட்ஸ் களத்தில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ இறந்த விபத்துக்குப் பின் அதற்கு வேறு பாடி கட்டியிருந்தார்கள். நீதிபதி ஓட்டன் விற்றவர் பக்கமே தீர்ப்பளித்தார்: துண்டுகள் மாறினாலும் அதன் வரலாறு அறுபடாமல் தொடர்ந்தது, அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறு கார் இல்லை. விலையைத் தாங்கியது தகரமல்ல, இடைவெளியில்லாத சரித்திரம்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஆர்ட்கியூரியல் நடத்திய ஏலத்தில், பிரான்ஸின் பண்ணைக் கொட்டகையில் பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் தூசி படிந்து கிடந்த ஒரு ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர் சுமார் 1.63 கோடி யூரோவுக்குப் போனது. யாரும் அதைத் துடைக்கக்கூட இல்லை. 2024ல் பெப்பிள் பீச் போட்டியின் முதல் பரிசு, மீட்டமைக்காமல் பாதுகாத்த 1934 புகாட்டி டைப் 59க்குக் கிடைத்தது. அந்தப் போட்டியின் வரலாற்றில் அப்படி ஒரு கார் வென்றது அதுவே முதல் முறை. இந்த ரசனை நம்மூர் சந்தைக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. இங்கே பளபளப்பு இன்னும் விற்கிறது. ஆனாலும், அசல் சீட் துணியும் அசல் டேஷ்போர்டும் பத்திரமாக இருக்கும் வண்டியில் அவற்றைக் கழற்றி ரெக்ஸின் ஒட்டியவருக்கு யாரும் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

ஓட்டமும் ஓடிய பின்னும்

வண்டியைப் பார்க்கப் போகும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லலாம், ஆனால் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும்: நீலப் புகை ஆயில் எரிவதையும், நிற்காத வெள்ளைப் புகை தண்ணீர் உள்ளே போவதையும், கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் போவதையும் காட்டும். நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் கேட்க வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 1419 என்றால் 2019ஆம் வருஷம் 14ஆம் வாரம் செய்தது. ‘புது டயர்’ என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ல் நின்றது. அதற்கு முந்திய இன்ஜினுக்குக் கடின வால்வு சீட் போட்டிருக்கிறார்களா என்பது பில்லில் இருக்க வேண்டிய விவரம். இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் ஊறவைத்துக் கெடுக்கிறது. பத்து வருஷம் முந்தி முடித்த மீட்டமைப்பானால் எரிபொருள் குழாய்கள் அத்தனையையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். காப்பீட்டில், ஐந்து வருஷம் வரைதான் தேய்மான அட்டவணை உண்டு; அதற்குமேல் வண்டியின் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவுசெய்ய வேண்டும். அப்போது மேஜையில் வைக்க வேண்டியதும் வாங்கும்போது கேட்டு வாங்கிய அதே புகைப்படக் கோப்புதான்.