செயற்கை மூட்டும் கண்ணுக்குத் தெரியாத தூசியும்

உடலுக்குள் வைத்த உலோகம் உடைந்துவிடுமோ என்றுதான் பலரும் பயப்படுவார்கள். ஆனால் செயற்கை இடுப்பு மூட்டின் வரலாற்றில் அதைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. மூட்டு உராயும்போது உதிரும் தூசி!

1950களின் இறுதியில் இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி, எஃகுப் பந்தும் டெஃப்லான் கிண்ணமும் கொண்ட மூட்டைச் சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். வலி போனது, நோயாளிகள் நடந்தார்கள். ஆனால் சில ஆண்டுகளிலேயே டெஃப்லான் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியிருந்த திசுவைப் புண்ணாக்கின. சார்ன்லி தன் தொடையிலேயே டெஃப்லானை வைத்துச் சோதித்தார். வீக்கம் வந்தது. நோயாளிகளுக்கு மறுபடி அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

1962இல் விற்பனையாளர் ஒருவர், தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட பாலிஎத்திலீனைக் கொண்டுவந்தார். சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவருடைய உதவியாளர் ஹாரி கிரேவன் விடாமல் அதைத் தேய்மான இயந்திரத்தில் ஓட்டினார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட இது மூன்று வாரத்தில் தேயவில்லை! அந்த ஆண்டு நவம்பரிலேயே அது நோயாளிகளின் உடலுக்குள் போனது.

பிளாஸ்டிக்கும் கொஞ்சம் தேயத்தானே செய்கிறது, உலோகத்தோடு உலோகமே உராய்ந்தால் என்ன என்ற யோசனை பின்னர் மீண்டும் வலுப்பெற்றது. கோபால்ட்-குரோமியம் கலவையின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. அரிப்பைத் தடுப்பது அதுதான். உராயும்போது படலம் கிழிகிறது. உப்பு கலந்த உடல் திரவம் வெறும் உலோகத்தை அரிக்கிறது. படலம் மீண்டும் உருவாகிறது, மீண்டும் கிழிகிறது. இப்படித் தேய்மானமும் அரிப்பும் ஒன்றையொன்று தூண்டி, உலோக அயனிகளை இரத்தத்தில் கலக்கின்றன. இந்த வகையைச் சேர்ந்த டிபுய் நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர் மூட்டுகள், பலருக்கு விரைவிலேயே மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டதால் 2010 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டன. உலகெங்கும் பொருத்தப்பட்டவை சுமார் 93,000.

இதற்கிடையே 2007இல் இத்தாலியில், டைட்டானியப் பொடியை எலக்ட்ரான் கற்றையால் அடுக்கடுக்காக உருக்கிச் செய்த இடுப்புக் கிண்ணம் பொருத்தப்பட்டது. முப்பரிமாண அச்சின் பெருமை அதன் துளைகளில்தான். அவற்றுக்குள் எலும்பு வளர்ந்து கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் டைட்டானியம் உராய்வைத் தாங்காது. அதனால் அச்சிட்ட பரப்பு எலும்பைத் தொடுகிறது. பந்து உராய்வது உள்ளே பொருத்திய தனி உறையில்!

அச்சு முறைக்கு அதற்கே உரிய தொல்லைகளும் உண்டு. பாதி உருகிய பொடித் துகள்கள் பரப்பில் ஒட்டியிருக்கலாம், உள்ளே வேண்டாத வெற்றிடங்கள் மறைந்திருக்கலாம். வெற்றிடங்களை மூட, உயர் வெப்பத்தில் எல்லாப் பக்கமும் அழுத்துகிறார்கள். துகள்களை அமிலத்தால் கரைக்கிறார்கள்.

கிரேவனின் இயந்திரம் அன்று கேட்ட கேள்விக்குப் புதிய மூட்டுகளும் பதில் சொல்லியாக வேண்டும்: பல லட்சம் அடிகள் நடந்த பிறகு எவ்வளவு தூசி மிஞ்சும்?